மல்லாந்து கிடந்த புள்ளிப்பூச்சிகள்

பால் பொங்குவதற்குள் ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் தனப்பிரியா ஸ்டோர் ரூமுக்குப் போனாள். பால் பொங்கி, அடுப்பெல்லாம் வழிந்து, கருகிய வாடை வீடு முழுக்கப் பரவிய பிறகும் அவள் அங்கிருந்து வரவில்லை.

அரிசி டிரம்முக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள் உண்டு. வாராவாரம் இந்தக் கதையோடு கூடவே வருகிறவர்களுக்கு அந்தப் பெட்டிகள் பழக்கம். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை வீடுகளில் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் கிடைக்கும், ஒரு கிளியைத் தவிர. கிளி கூடாது, புறா கூடாது, வாசலில் நாலு நாட்டுக்கோழி மேயக்கூடாது. வெளிப்பறவை வந்தால் அதோடு சீக்கும் வரும் என்ற பயம். தனப்பிரியாவின் கணவன் சபரிநாதன் இன்னும் ஒரு படி மேலே போய், நாய் பூனைக்கும் சேர்த்துத் தடை போட்டவன். அப்பேர்ப்பட்டவனின் மகன் குமரன், கத்தாத, பறக்காத, யார் கண்ணிலும் படாத ஒன்றைத் தேடிப்பிடித்துக் கூரியரில் வரவழைத்தான். அதற்குப் பெயர் ஐசோபாட். வெள்ளை உடம்பு, கறுப்புப் புள்ளி, சுண்டுவிரல் நகம் அளவு, ஏழு ஜோடிக் கால்.

"பாத்தா பூச்சியாட்ட இருக்கும்மா. ஆனா பூச்சி இல்ல. எறாலுக்கும் நண்டுக்கும் பங்காளி," என்று விளக்கம் வேறு சொன்னான். சொன்னவன் பிளஸ் ஒன் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். பங்காளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அம்மா தலையில் விழுந்தது.

முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைத் திறந்தவள், இப்போது மகன் பேசாத நாள்களில் அவற்றிடம்தான் இரண்டு வார்த்தை பேசுகிறாள். காய்ந்த இலை போடுவாள், தேங்காய் மட்டையை ஈரமாக வைப்பாள், முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவுவாள். சபரிநாதனுக்கு இது தெரியாது. தெரிந்தால் இரண்டு பெட்டியும் குப்பைக்குழிக்குப் போய்விடும்.

இன்று முதல் பெட்டியில் இருந்தவை எல்லாமே மல்லாந்து கிடந்தன.

சட்டை உரிக்கிறதோ என்று முதலில் நினைத்தாள். இவை பாம்பு மாதிரி ஒரேயடியாக உரிப்பதில்லை. பின்பாதியை ஒரு நாள் கழற்றும், முன்பாதியை இன்னொரு நாள் கழற்றும். அந்தச் சமயம் அசையாமல் கிடக்கும். ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு ஒப்பாரி வைக்காத குறையாக மகனுக்கு ஃபோன் போட்டு, அவனிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனால் இது அது இல்லை. சிலவற்றின் கால்கள் இன்னும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன.

இரண்டாவது பெட்டியைத் திறந்தாள். அங்கே எல்லாம் வழக்கம்போல மட்டைக்கு அடியில் ஓடி ஒளிந்தன. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே முட்டை ஓடு. நேற்றுச் சாயந்தரம் பொழுதோடு முதல் பெட்டிக்கு மட்டும் ஒரு இணுக்கு முருங்கைக்கீரை போட்டிருந்தாள். இரண்டாவது பெட்டிக்கு அது மிஞ்சவில்லை. ஒரு கேரட் துண்டோடு விட்டுவிட்டாள்.

மிஞ்சாததற்குக் காரணம் அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

செத்துக் கிடந்தவற்றில் ஒன்று தாய்ப்பூச்சி. வயிற்றுக்கு அடியில் ஒரு பை இருக்கும், அதில் நீரைத் தேக்கி அதற்குள்ளேயே குஞ்சுகளைச் சுமக்கும். அரிசி நொய் போல வெள்ளையாகத் தெரிந்த அந்தக் குஞ்சுகளை முந்தாநாள்தான் டார்ச் அடித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். அவையும் இப்போது அசையவில்லை.

"ஐயோ, ஜெயா," என்று அவளுக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

ஜெயப்பிரியா என்பவள் சபரிநாதனின் அண்ணன் குணசீலனின் மகள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, பெண் குழந்தை பெற்று, இன்னும் பச்சை உடம்புக்காரி. தாய்வீடு என்றால் தூரதேசம் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம். ஆனால் கோழி ஷெட் பாகம் பிரிப்பதில் அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்தச் சுவர் கடல் மாதிரி ஆகிவிட்டது. குழந்தையைப் பார்க்க யாரும் கூப்பிடவில்லை, இவர்களும் போகவில்லை.

தனப்பிரியாவால் சும்மா இருக்க முடியவில்லை. தாய்க்குப் பால் ஊற முருங்கைக்கீரையை மிஞ்சி ஒன்றும் கிடையாது என்பது அந்த ஊர் நம்பிக்கை. மரமோ இவர்கள் பக்கத்துச் சுவரோரம் நிற்கிறது. அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கீரை உருவி, இரண்டு பண்ணையிலும் முட்டை பொறுக்கும் சின்னாயியிடம் கொடுத்தாள். "உன்ர ஊட்டு மரத்துதுன்னு சொல்லிக் குடுத்துரு" என்று ஒரு பொய்யையும் கூடவே கொடுத்தாள். நேற்றுப் பொழுதோடும் அப்படித்தான் ஒரு பை நிறையப் போயிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்கு ஓடினாள். மரத்தடியில் கம்பளிப்பூச்சிகள் கொத்துக்கொத்தாகக் கருத்து விழுந்து கிடந்தன. நேற்று அவள் கீரை உருவும்போதே இருட்டத் தொடங்கியிருந்தது, கீழே பார்க்கவில்லை. இப்போது ஒரு செங்கல்லைப் புரட்டினாள். ஈரமான இடத்தில் சாம்பல் நிறத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும், தொட்டால் குண்டுமணியாக உருண்டுகொள்ளும் நம் ஊர்ப் பூச்சிகள் அங்கே எப்போதும் இருக்கும். மகனுடைய கூரியர் விருந்தாளிகளுக்கு அவை சொந்தக்காரர்கள். ஒன்றுகூட உருளவில்லை. எல்லாம் நீட்டி நிமிர்ந்து செத்திருந்தன.

ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தாள். ஷெட்டில் ஈ மருந்து அடிக்கும் நாளில் வருகிற அதே வாடை.

கைபேசியை எடுத்துக் கணவனுக்குப் போட்டாள்.

"என்ன தனா, இங்க மில்லுல தீவன லோடு ஏறிட்டிருக்குது," என்றான் சபரிநாதன்.

"ஏனுங்க, பொடக்காளி முருங்கைக்கு ஏதாச்சும் மருந்து அடிச்சீங்களா?"

"ஆமா, நேத்து மத்தியானம், நீ பையனப் பாக்கப் போனப்ப. மரம் பூராக் கம்பளிப்பூச்சி. ஈ மருந்து மிச்சமிருந்துச்சு, கொஞ்சம் கெட்டியாவே கலந்து அடிச்சு உட்டேன். ஏன், சாகலயா?"

"செத்துப்போச்சுங்க."

"அப்பறமென்ன? சொல்லாம அடிச்சுட்டேன்னு பாக்கறயா? நம்மூட்டுல அந்தக் கீரைய ஆரு திங்கறா?"

வாஸ்தவம். அந்த வீட்டில் யாரும் முருங்கைக்கீரை தின்பதில்லை. சபரிநாதனுக்கு அதன் வாசமே ஆகாது. அவன் யாரிடம் எதற்காகச் சொல்ல வேண்டும்? அவள் ஒளித்ததை அவன் எப்படி அறிவான்? தப்பு முழுக்கத் தன்னுடையது என்று தனப்பிரியாவுக்குப் பட்டது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று பின்னாலேயே வந்தது.

போன மாதம் பாகம் பேச உறவுமுறைப் பெரியவர்கள் கூடியிருந்தபோது, அண்ணன் ஏதோ சொல்ல, கோபத்தில் அறிவிழந்த சபரிநாதன் அத்தனை பேர் முன்னிலையிலும் கத்தியிருந்தான். "இவிய குடிக்கற தண்ணி நஞ்சாப் போவோணும்." கத்தியவன் அன்று இரவு சாப்பிடவில்லை என்பது வேறு கதை. ஆனால் கேட்டவர்கள் மறக்கவில்லை. இன்று அந்த வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு ஒன்று ஆனால், கம்பளிப்பூச்சிக்கு அடித்தது என்று எந்த ஊர் நம்பும், எந்தப் போலீஸ் நம்பும்?

ஜெயாவின் அம்மா, ஓரகத்தி அன்புச்செல்விக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்தது, துண்டிக்கப்பட்டது. மறுபடி போட்டாள். மறுபடி துண்டிப்பு. சின்னாயி இன்று வேலைக்கு வரவில்லை, ராசிபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. அவளுடைய ஃபோனும் எடுக்கப்படவில்லை.

கீரையை ராத்திரியில் யாரும் ஆக்க மாட்டார்கள். அது ஒன்றுதான் ஆறுதல். நேற்றுப் போன கீரை இன்று காலை அடுப்பேறும். பிள்ளை பெற்றவளுக்கு நேரத்தோடு சாப்பாடு போடுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாளிப்பு வாசம் வருகிறதா என்று மூக்கை நீட்டிப் பார்த்தாள். வந்தது.

ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். அந்த ஒரு நிமிடத்தில் அவள் மனம் என்னவெல்லாம் சொன்னது என்பதை மறைப்பதற்கில்லை. பூச்சி சின்ன உயிர், மனுஷி பெரிய உயிர், ஒன்றும் ஆகாது என்றது. கழுவித்தான் ஆக்கியிருப்பார்கள் என்றது. நீ பேசாமல் இருந்தால் சின்னாயி கொடுத்த கீரை என்றுதானே போகும் என்றும் சொன்னது. அந்தக் கடைசி நினைப்பில் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஓடினாள்.

குணசீலன் வீட்டு கேட்டில் புதிதாக ஒரு போர்டு தொங்கியது. பக்கத்து ஊர்களில் கோழிச்சீக்கு என்று பேச்சு அடிபடுவதால் பிற பண்ணை ஆட்கள் உள்ளே வரக்கூடாது. கீழே கால் முக்கிப் போக மருந்துத் தண்ணீர்த் தொட்டி. எந்தப் பண்ணையிலும் உள்ளதுதான். ஆனால் போர்டு தனக்காகவே எழுதியதுபோல அவளுக்கு இருந்தது.

"அங்கயே நில்லு," என்றாள் அன்புச்செல்வி, நடைவாசலில் இருந்தபடி. "வேற பண்ணை ஆளு உள்ள வரக்கூடாது. படிக்கத் தெரியுமல்ல?"

"உள்ள வரலைங்க்கா. ஒரே ஒரு வார்த்தை. நேத்து வந்த முருங்கைக்கீரைய ஜெயாளுக்குக் குடுத்தராதீங்க."

"எங்கூட்டுக் கீரையப் பத்தி உனக்கென்ன பேச்சு?"

"அது எங்க மரத்துதுங்க்கா. நாந்தான் சின்னாயிகிட்டக் குடுத்து உடறது. நேத்து மரத்துக்கு ஈ மருந்து அடிச்சிருக்குது. எனக்குத் தெரியாதுங்க்கா, சத்தியமாத் தெரியாது. காத்தாலதான் தெரிஞ்சுது."

அன்புச்செல்வியின் முகம் எதையும் காட்டவில்லை. "எப்படித் தெரிஞ்சுது?"

"நான் வளக்கற பூச்சியெல்லாம் செத்துப்போச்சுங்க்கா."

"நீ வளக்கற என்னது?"

இதை எங்கிருந்து தொடங்கி எப்படிச் சொல்வது? பத்து வருடம் ஒரே அடுப்பில் சமைத்தவளிடம், பூச்சி வளர்க்கிறேன், அது முருங்கை தின்று செத்தது, ஆகவே உன் மகள் சோற்றைக் கீழே வைக்கட்டும் என்று சொன்னால் அவள்தான் என்ன நினைப்பாள். தனப்பிரியாவுக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் அன்புச்செல்விக்குப் பின்னால் கதவு திறந்தது.

"ஆரும்மா, சித்திங்களா?" என்று கேட்டபடி வந்தாள் ஜெயப்பிரியா. கையில் தட்டு. தட்டில் சோறு, சோற்றின் மேல் பச்சைப் பசேலென்று கீரைப் பொரியல்.

தனப்பிரியா தொட்டியையும் பார்க்கவில்லை, போர்டையும் பார்க்கவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி அந்தத் தட்டைத் தட்டிவிட்டாள். அது சுவரில் மோதி முற்றமெல்லாம் சோறு சிதறியது.

"எத்தன வாய் சாமி தின்னே?"

"நாலஞ்சு வாய் இருக்கும். என்னங்க சித்தி, என்னாச்சு?"

"பாப்பாளுக்குப் பால் குடுத்தியா?"

"இல்ல, தூங்கறா. எந்திரிச்சாக் குடுக்கலாம்னு இருந்தேன்." ஜெயப்பிரியா நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டாள். "அம்மா, உதடெல்லாம் என்னமோ சுருசுருன்னு மரத்துப்போறாப்பல இருக்குதும்மா. காரம்னு நெனச்சேன்."

அன்புச்செல்வி கையை ஓங்கியிருந்தாள். யாரை அடிக்க ஓங்கினாளோ, அந்தக் கை அப்படியே இறங்கி மகளின் தோளைப் பிடித்தது. உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது.

அழுகை கேட்டதும் ஜெயப்பிரியா தன்னையறியாமல் திரும்பி நடந்தாள். தனப்பிரியா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாஞ்சாமி. டாக்டர் சொல்ற வரைக்கும் குடுக்க வேண்டாம்." குழந்தை வீறிட்டு அழுதது. மூன்று பெண்களும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். தனப்பிரியா தன் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

சத்தம் கேட்டு ஆபீஸ் ரூமிலிருந்து குணசீலன் வந்தார். பேச்சு குறைந்த மனிதர். அன்புச்செல்வி சொன்னதைக் கேட்டார், தரையில் கிடந்த கீரையைப் பார்த்தார், தம்பி மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. கார்ச் சாவியை எடுத்தார்.

"மாமா, மருந்து பாட்டிலக் கொண்டாரேன்," என்றாள் தனப்பிரியா. "டாக்டரு என்ன மருந்துன்னு கேப்பாருங்க."

அவர் வெளியே போய்க் காரைக் கிளப்பினார். ஆனால் அவள் வரும்வரை காத்திருந்தார். ஷெட்டில் மேல்தட்டில் இருந்த பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்சீட்டில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் சபரிநாதனுக்கு ஃபோன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. கணவனுக்கு எதிரான சாட்சியைத் தானே சுமந்துகொண்டு போகிறோம் என்ற நினைப்பு வந்தது. பக்கத்தில் ஜெயப்பிரியா ஜன்னலில் தலை சாய்த்து, உமட்டுகிறது என்று முனகினாள். அதற்குப் பிறகு தனப்பிரியா கணவனைப் பற்றி நினைக்கவில்லை.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் இளவயசுக்காரர். பாட்டிலைத் திருப்பிப் படித்தார்.

"எப்ப அடிச்சது?"

"நேத்து மத்தியானமுங்க. எங்கூட்டுக்காரருதான் மரத்துக்கு அடிச்சாரு. கம்பளிப்பூச்சிக்குங்க." குணசீலன் பின்னால் நின்றுகொண்டிருப்பது அவள் முதுகுக்குத் தெரிந்தது.

"இவங்க சாப்பிட்ட உடனே எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அந்தக் கீரையத் தின்ன ஐசோபாட் செத்துப்போச்சுங்க. பையன் வளக்கறது. எறால் வகையறாங்க."

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தாள், அவர் சிரிக்கவில்லை. "அதுங்களுக்கு இது துளி பட்டாலே போதும். நமக்கு அவ்வளவு சீக்கிரம் ஒண்ணும் பண்ணாது. ஆனா பச்சை உடம்பு, கெட்டியா வேற கலந்திருக்கீங்க. சாயந்தரம் வரைக்கும் என் கண்ணு முன்னாடி இருக்கட்டும். குழந்தைக்கு இப்போதைக்குப் பால் வேண்டாம். வலிப்பு மாதிரி எதுவும் வராம இருந்தா வீட்டுக்கு அனுப்பிடலாம்."

வராமல் இருந்தால். அந்த இரண்டு சொல்லும் தனப்பிரியாவின் காதைவிட்டுப் போகவில்லை. உள்ளே ஜெயப்பிரியாவுக்கு டிரிப் ஏறியது. வெளியே பெஞ்சில் அன்புச்செல்வி, பாலாடையில் பவுடர் பால் குடித்து உறங்கிய பேத்தியை மடியில் போட்டு, அதன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்த இடம் காலியாகத்தான் இருந்தது. தனப்பிரியா உட்காரத் துணியாமல் தூணோரம் நின்றாள்.

விஷம் சம்பந்தப்பட்டது என்றால் போலீசுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டுமாம். ஆஸ்பத்திரிப் போலீஸ்காரர் ஒருவர் வந்து நின்றார்.

"கீரை யாரும்மா குடுத்தது?"

தனப்பிரியா தூணைவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அன்புச்செல்வி பேசிவிட்டாள்.

"ஆரும் குடுக்கலைங்க. பக்கத்துல எங்க கொழுந்தனார் ஊட்டு மரம். சொவத்து மேல சாஞ்சிருக்குது. அவியளக் கேக்காம நானே எட்டிப் பறிச்சுப்போட்டேன். மருந்தடிச்சது எனக்கென்னங்க தெரியும்?"

"கேக்காமயா?"

"திருட்டுத்தனமாத்தானுங்க. பேச்சுவார்த்தை இல்ல. கேக்க மானம் உடல."

போலீஸ்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தார். அந்த ஊரில் அன்புச்செல்வி ஒரு கறிவேப்பிலைக் கொத்தைக்கூட யாரிடமும் இரவல் கேட்டவள் இல்லை. அப்படிப்பட்டவள் இத்தனை பேர் நடமாடும் இடத்தில் தன்னைக் கீரைத் திருடி ஆக்கிக்கொண்டாள். தனப்பிரியா மெல்ல அவள் பக்கத்தில் வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எதுக்குங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"சின்னாயி இருக்கறது எங்க பண்ணை ஆளுங்க லைன் ஊட்டுல. அங்க ஏது முருங்கை மரம்?" அன்புச்செல்வி குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மொதப் பை வந்தன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் ஆக்கிப் போட்டேன். அதச் சொல்லி உன்னைய ஒரு நா ஊட்டுக்குக் கூப்புட்டிருந்தா, நீயும் நேராக் கொண்டாந்திருப்பே. உங்கூட்டுக்காரருக்கும் தெரிஞ்சிருக்கும்."

தனப்பிரியா அழுதாள். காலையிலிருந்து அடக்கியதெல்லாம் வந்தது. அன்புச்செல்வி சும்மா இருக்கச் சொல்லவில்லை, அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

குழந்தையின் துணியை இழுத்துவிட்டு, "உங்க மாமாவுக்குத்தான் இதொண்ணும் தெரியாது," என்றாள். "கீரை சின்னாயிதுன்னே நெனச்சிட்டிருந்தாரு. இப்பக் காலைலருந்து ஒரு வார்த்தை பேசல. அப்படி இருந்தா எனக்குப் பயம்." தலையைத் திருப்பினாள். "எங்க அவுரு? இப்பத்தான அந்தச் சன்னல்கிட்ட நின்னாரு."

சன்னல் பக்கம் யாரும் இல்லை. தனப்பிரியா எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். கார் நின்ற இடம் காலி. டாக்டர் மேஜை மேல் இருந்த மருந்து பாட்டிலையும் காணவில்லை. அந்தப் பெரியவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றாள் நர்ஸ்.

அப்போது கைபேசி அடித்தது. சபரிநாதன்.

"கூப்புட்டிருந்தயா தனா? மில்லுச் சத்தத்துல ஒண்ணுங் கேக்கல," என்றான். அவன் குரலில் ஒரு குதூகலம் இருந்தது. இந்த ஒரு வருடத்தில் அவள் கேட்காத குதூகலம். "இங்க பாரு, அண்ணன் காரு கேட்டுக்குள்ள வருது. என்னயத் தேடித்தான் வாராரு தனா. எறங்கி நேரா எங்கிட்டத்தான் வாராரு. கையில என்னமோ வெச்சிருக்காரு. இரு, அப்பறம் பேசறேன்."

"ஏனுங்க, வேண்டாங்க, நில்லுங்க," என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதே, மறுமுனையில் அவன் ஃபோனை அணைக்க மறந்து, "வாங்கண்ணா" என்று ஆசையாகக் கூப்பிட்டபடி நடந்து போவது கேட்டது.